திருவள்ளூரில் நடந்த மாபெரும் கருதுகோள் சோதனை

புள்ளியியல் வகுப்பில் கருதுகோள் சோதனை வந்துவிட்டால் நாம் எல்லோரும் செய்வது ஒன்றுதான். சூத்திரத்தை மனப்பாடம் செய்வோம், அட்டவணையில் ஓர் எண்ணைத் தேடுவோம், கடைசி வரியில் "ஆகவே இன்மைக் கருதுகோள் நிராகரிக்கப்படுகிறது" அல்லது "நிராகரிக்கப்படவில்லை" என்று எழுதிக் கோடு போட்டுவிடுவோம். அந்தக் கடைசி வரிக்கு உண்மையில் என்ன அர்த்தம் என்று கேட்டால் பலருக்கும் பதில் வராது. பாடப்புத்தகக் கணக்குகளில் பல்பு எத்தனை மணி நேரம் எரிகிறது, பையில் எத்தனை கிராம் சர்க்கரை இருக்கிறது என்று கேட்பார்கள். விடை எப்படி வந்தாலும் யாருக்கும் நஷ்டம் இல்லை.

ஆனால் அந்தக் கடைசி வரியை எழுதப் பதினைந்து ஆண்டுகள் காத்திருந்த ஒரு சோதனை நம் திருவள்ளூர் பக்கத்திலேயே நடந்திருக்கிறது. அதில் கலந்துகொண்டவர்கள் இரண்டு லட்சத்து எண்பதாயிரத்துக்கும் மேல். நம்மில் பலருடைய கையில் இருக்கும் அந்தச் சின்னத் தழும்பைப் பற்றிய சோதனை அது. ஆமாம், பி.சி.ஜி. ஊசியைத்தான் சொல்கிறேன்.

மருத்துவ உலகில் இதற்கு "செங்கல்பட்டு ஆய்வு" என்று பெயர். 1968-ல் தொடங்கியபோது திருவள்ளூர் வட்டாரம் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. 1997-ல்தான் திருவள்ளூர் தனி மாவட்டம் ஆனது. அதனால்தான் உலகம் முழுக்கப் பேசப்படும் ஓர் ஆய்வில் நம் ஊர்ப் பெயர் அவ்வளவாக வெளியே தெரிவதில்லை.

முதலில் கொஞ்சம் பி.சி.ஜி. கதை

பிரான்சைச் சேர்ந்த கால்மெட், குவரன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 1908-ல் மாட்டுக் காசநோய்க் கிருமியை எடுத்துத் திரும்பத் திரும்ப வளர்த்தார்கள். 13 ஆண்டுகள், 230 முறை! அதற்குள் கிருமி நோய் உண்டாக்கும் சக்தியை இழந்துவிட்டது. 1921-ல் முதன்முதலாக ஒரு குழந்தைக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்கள் பெயரிலேயே பி.சி.ஜி. என்று வழங்கலாயிற்று.

1930-ல் ஜெர்மனியின் லூபெக் நகரில் ஒரு பெரும் துயரம் நடந்தது. தடுப்பு மருந்தோடு உயிருள்ள காசநோய்க் கிருமியும் கலந்துவிட்டதால் எழுபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். பழுது பி.சி.ஜி.யில் இல்லை, அதைத் தயாரித்த ஆய்வகத்தில்தான் என்று விசாரணையில் தெரிந்தது. ஆனாலும் மக்கள் மனதில் விழுந்த பயம் எளிதில் போகவில்லை.

இந்தியாவுக்கு இது பெரிய அளவில் வந்தது 1948-ல். சென்னை கிண்டியில் பி.சி.ஜி. தயாரிக்கும் ஆய்வகம் அந்த ஆண்டில்தான் தொடங்கியது. 1950-களில் ஊர் ஊராகப் போய் லட்சக்கணக்கானவர்களுக்கு ஊசி போட்டார்கள்.

இந்த இடத்தில் ஒரு சுவாரஸ்யமான எதிர்ப்பு கிளம்பியது. எதிர்த்தவர் சாமானியர் அல்ல, ராஜாஜி! முதலமைச்சர் பதவியை விட்டு விலகிய மறு ஆண்டு, 1955-ல், பி.சி.ஜி.யை ஏன் எதிர்க்கிறேன் என்று ஒரு சிறு நூலே எழுதினார். மத்திய சுகாதார அமைச்சர் ராஜ்குமாரி அம்ரித் கௌர் ஊசித் திட்டத்தை உறுதியாக ஆதரித்தார். ஒரு பக்கம் சந்தேகம், மறுபக்கம் நிபுணர்கள் மீது நம்பிக்கை. நம் ஊர் மக்களை வைத்து, பெரிய அளவில், ஒப்பிட்டு எடுத்த எண்கள் இரண்டு பக்கத்திலும் இல்லை. அப்போது சென்னை ராஜ்யத்தில் இருந்த மதனப்பள்ளியில் 1950-ல் ஓர் ஆய்வு தொடங்கியிருந்தது. ஆனால் இவ்வளவு பெரிய கேள்விக்கு உறுதியான விடை சொல்லும் அளவுக்கு அதில் ஆட்கள் இல்லை.

ஒத்துப்போகாத விடைகள்

வெளிநாட்டில் எண்கள் இருந்தன. அவை ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகவில்லை என்பதுதான் சிக்கல்.

பிரிட்டனில் 1950-ல் பள்ளிப்படிப்பை முடிக்கும் வயதில் இருந்த ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு தொடங்கியது. ஊசி போட்டவர்களுக்குக் காசநோய் வருவது கிட்டத்தட்ட 80 சதவீதம் குறைந்தது. அதே காலத்தில் அமெரிக்கர்கள் புவேர்ட்டோ ரிக்கோவில் செய்த ஆய்வில் பாதுகாப்பு சுமார் 30 சதவீதம்தான். அவர்களே ஜார்ஜியா, அலபாமா பகுதியில் செய்ததில் அதைவிடவும் குறைவு.

ஒரே மருந்துக்கு எப்படி இத்தனை விடைகள்? அமெரிக்க ஆராய்ச்சியாளர் கேரல் பால்மர் ஒரு விளக்கம் சொன்னார். வெப்பமான பகுதிகளின் மண்ணிலும் நீரிலும் காசநோய்க் கிருமியின் தூரத்து உறவுக் கிருமிகள் நிறைய உண்டு. அவை நோய் உண்டாக்காமலே மனித உடலுக்குக் கொஞ்சம் பழக்கமாகிவிடுகின்றன. அந்தப் பழக்கமே ஓரளவு தடுப்பூசி மாதிரி வேலை செய்துவிட்டால், அதன் மேல் பி.சி.ஜி. போட்டுக் கூடுதலாகக் கிடைக்கப்போவது என்ன? விளக்கம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கேட்க நன்றாக இருக்கும் விளக்கத்தையும் சோதித்துத்தானே பார்க்க வேண்டும்?

தேநீர்க் கோப்பையும் சிப்காட் லாட்டும்

இங்கே நம் பாடத்துக்குள் ஒரு நிமிடம் எட்டிப் பார்த்துவிடுவோம்.

இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் ரொனால்ட் ஃபிஷர் வேலை பார்த்தபோது, அங்கிருந்த மியூரியல் பிரிஸ்டல் என்ற பெண் விஞ்ஞானி, கோப்பையில் முதலில் ஊற்றியது பாலா தேநீரா என்று குடித்துப் பார்த்தே சொல்வேன் என்றாராம். 1935-ல் வந்த தன் புத்தகத்தில் ஃபிஷர் இதையே உதாரணமாக எடுத்துக்கொண்டார். எட்டுக் கோப்பைகள், நான்கில் பால் முதலில், நான்கில் தேநீர் முதலில். எட்டில் நான்கைத் தேர்ந்தெடுக்க 70 வழிகள் உண்டு. வெறும் குருட்டு யூகத்தில் நான்கையும் சரியாகச் சொல்ல 70-ல் ஒரு வாய்ப்பு, அதாவது சுமார் 1.4 சதவீதம். எல்லாவற்றையும் சரியாகச் சொல்லிவிட்டால், "இவருக்கு அந்தத் திறமை இல்லை" என்ற இன்மைக் கருதுகோளைப் பிடித்துக்கொண்டிருப்பது கஷ்டம்.

எட்டையும் சரியாகச் சொல்லாமல் ஒன்றிரண்டைத் தவறவிட்டால்? அவருக்குத் திறமையே இல்லை என்று ஆகிவிடுமா? ஆகாது. எட்டுக் கோப்பைகள் போதாமல் போயிருக்கலாம். இந்தக் கேள்வியை 1933-லேயே ஜெர்சி நெய்மனும் ஈகான் பியர்சனும் ஒழுங்குபடுத்திவிட்டார்கள். இல்லாததை இருப்பதாகச் சொல்வது முதல் வகைப் பிழை. இருப்பதை இல்லை என்று விட்டுவிடுவது இரண்டாம் வகைப் பிழை.

கும்மிடிப்பூண்டி சிப்காட் மாதிரித் தொழிற்பேட்டைகளில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்பவர்களுக்கு இது புதிதல்ல. ஒரு லாட்டில் இருந்து சில உதிரி பாகங்களை எடுத்து அளந்து மொத்த லாட்டுக்கும் தீர்ப்புச் சொல்வார்கள். நல்ல லாட்டைத் திருப்பி அனுப்பிவிட்டால் அது உற்பத்தியாளர் அபாயம். கெட்ட லாட்டை ஏற்றுக்கொண்டால் அது நுகர்வோர் அபாயம். பெயர்தான் வேறு, பிழைகள் அதே இரண்டுதான். எத்தனை எண்ணிக்கையை எடுத்து அளக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் இரண்டாவது பிழை குறையும்.

எண்ணிக்கை எவ்வளவு முக்கியம் என்பதை மனதில் வைத்துக்கொண்டு 1968-க்குப் போவோம்.

சென்னைக்கு மேற்கே, 1968

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை மூன்றும் சேர்ந்து இடம் தேர்ந்தெடுத்தன. சென்னைக்கு மேற்கே சுமார் 40 கிலோமீட்டரில் திருவள்ளூரைச் சுற்றிய ஊர்கள். இந்த வட்டாரத்தில் காசநோயும் அதிகம், பால்மர் சொன்ன உறவுக் கிருமிகளின் பாதிப்பும் அதிகம். அவருடைய விளக்கத்தைச் சோதிக்க இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது.

1968 முதல் 1971 வரை இருநூறுக்கும் மேற்பட்ட ஊர்களில் வீடு வீடாகப் பெயர் பதிந்தார்கள். மொத்தம் 3,66,625 பேர். அதில் ஒரு மாதம் நிரம்பிய குழந்தையில் இருந்து முதியவர் வரை 2,81,161 பேருக்கு ஊசி போட்டார்கள்.

ஊசிதான் எல்லோருக்கும், உள்ளே இருந்தது எல்லோருக்கும் ஒன்றல்ல. மூன்று பிரிவுகள்:

1. பி.சி.ஜி. முழு அளவு, 0.1 மில்லிகிராம்
2. பி.சி.ஜி. பத்தில் ஒரு பங்கு அளவு, 0.01 மில்லிகிராம்
3. மருந்தே இல்லாத வெற்று ஊசி

பி.சி.ஜி.யிலும் பிரெஞ்சு வகை, டேனிஷ் வகை என்று இரண்டைப் பயன்படுத்தினார்கள். "இந்த வகை சரியில்லை, அந்த வகை போட்டிருந்தால் வேலை செய்திருக்கும்" என்று பின்னால் யாரும் சொல்லக்கூடாது அல்லவா?

யாருக்கு எது என்பதை முடிவு செய்தது சமவாய்ப்பு முறை. குலுக்கல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊசி போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. இது ஏன் இவ்வளவு முக்கியம்? விரும்பி வந்து ஊசி போட்டுக்கொள்பவர் பெரும்பாலும் கொஞ்சம் வசதியானவராக, உடம்பைக் கவனித்துக்கொள்பவராக இருப்பார். அவருக்கு நோய் வராமல் இருந்தால் அது ஊசியாலா, சாப்பாட்டாலா என்று பிரிக்க முடியாது. குலுக்கல் அந்த வித்தியாசங்களை எல்லாம் மூன்று பிரிவுகளுக்கும் சமமாகப் பரப்பிவிடும். ஊசி போடுபவருக்கே உள்ளிருப்பது தெரியாமல் இருந்தால், பின்னால் எக்ஸ்ரேயைப் பார்க்கும்போதும் மனம் ஒரு பக்கம் சாயாது.

அடுத்து, ஏற்கனவே கிருமி உடம்பில் நுழைந்தவருக்குத் தடுப்பூசி போட்டு என்ன பயன்? அதனால் எல்லோருக்கும் டியூபர்குலின் சோதனை செய்தார்கள். தோலில் ஏற்படும் தடிப்பு 8 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் கிருமி இன்னும் தொடவில்லை என்று கணக்கு. அப்படித் தேறியவர்கள் 1,09,873 பேர். ஊசி போட்டவர்களில் நூற்றுக்கு நாற்பது பேர்கூட இல்லை! காசநோய்க் கிருமி இந்த ஊர்களில் எவ்வளவு பரவியிருந்தது என்பதற்கு இந்த ஓர் எண்ணே போதும்.

பிறகு காத்திருப்பு. இரண்டரை ஆண்டுக்கு ஒரு முறை சுற்று வந்து எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை. இடையில் சந்தேகம் உள்ளவர்களைத் தனியாகத் தொடர்ந்து பார்ப்பது. இப்படியே பதினைந்து ஆண்டுகள்.

191, 189, 180

ஏழரை ஆண்டு முடிவுகள் 1979-ல் வெளியாகி உலகையே அதிர வைத்தன. பதினைந்து ஆண்டு முழு முடிவுகள் 1999-ல் வந்தன. கிருமி தொடாத அந்த 1,09,873 பேரில் பதினைந்து ஆண்டுகளில் 560 பேருக்குக் காசநோய் வந்திருந்தது. பி.சி.ஜி. போட்ட இரண்டு பிரிவுகளிலும் 191, 189. வெற்று ஊசி போட்ட பிரிவில் 180.

கவனித்தீர்களா? வெற்று ஊசிக்காரர்களுக்குத்தான் நோய் குறைவு!

"அப்படியென்றால் பி.சி.ஜி.யால் காசநோய் வருகிறதா?" என்று உடனே கேட்கத் தோன்றும். பேனாவை எடுங்கள், நம் வகுப்புக் கணக்கையே போட்டுப் பார்ப்போம். கீழே வருவது எளிமைக்காக நான் போட்ட கணக்கு. மூன்று பிரிவுகளும் ஏறக்குறைய சமம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

இன்மைக் கருதுகோள்: ஊசியால் எந்த வித்தியாசமும் இல்லை.

அது உண்மையானால் 560 நோயாளிகளும் மூன்று பிரிவுகளில் சமமாகச் சிதற வேண்டும். ஆளுக்கு 186.67. கை வர்க்கச் சோதனைக்கு ஒவ்வொரு பிரிவின் வித்தியாசத்தையும் வர்க்கமாக்கிக் கூட்டி 186.67-ஆல் வகுத்தால் சுமார் 0.37 வருகிறது. இரண்டு சுதந்திரப் படிகளுக்கு 5 சதவீத மட்டத்தில் அட்டவணை எண் 5.99. பக்கத்தில்கூட வரவில்லை. பி மதிப்பு சுமார் 0.83. அதாவது ஊசியால் எந்த வித்தியாசமும் இல்லாவிட்டாலும், இந்த அளவோ இதற்கு மேலோ ஏற்றத்தாழ்வு வர நூற்றுக்கு 83 வாய்ப்பு உண்டு. ஆகவே 180-க்கும் 191-க்கும் இடையில் உள்ள இடைவெளி வெறும் தற்செயல். பி.சி.ஜி. நோயைத் தருகிறது என்று சொல்ல இதில் ஒன்றும் இல்லை.

கடைசி வரி: இன்மைக் கருதுகோள் நிராகரிக்கப்படவில்லை. வகுப்பில் என்றால் இங்கே கோடு போட்டுவிடுவோம்.

ஒரே விடையில் இரண்டு அர்த்தம்

கோடு போடாமல் இன்னும் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். ஊசி உண்மையிலேயே வேலை செய்திருந்தால் இந்த ஆய்வு அதைக் கண்டுபிடித்திருக்குமா?

பிரிட்டனில் கிடைத்தது போல 80 சதவீதம் தடுத்திருந்தால், வெற்று ஊசிப் பிரிவில் 180 வரும்போது மற்ற இரண்டிலும் சுமார் 36 வந்திருக்க வேண்டும். வந்தது 191, 189. இதைப் பார்க்கச் சோதனையே தேவையில்லை, கண்ணே போதும்.

30 சதவீதம் மட்டும் தடுத்திருந்தால்? மற்ற இரண்டிலும் 126 வந்திருக்கும். என் கணக்குப்படி, உண்மையான பலன் 30 சதவீதமாக இருந்தால் இந்த அளவு ஆய்வு அதை நூற்றுக்குச் சுமார் 95 முறை கண்டுபிடித்துவிடும். 10 சதவீதம்தான் என்றால்? 162, 162, 180. அது தற்செயலில் இருந்து பிரித்தறிய முடியாத அளவு. கை நழுவிப் போயிருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

எனவே இந்த "நிராகரிக்கப்படவில்லை" என்பதன் பொருள் "ஊசியால் துளிகூடப் பயன் இல்லை என்று நிரூபித்துவிட்டோம்" என்பது அல்ல. "சொல்லிக்கொள்ளும்படி பயன் இருந்திருந்தால் எங்கள் கண்ணில் பட்டிருக்கும், படவில்லை" என்பதுதான். இவ்வளவு உறுதியாகச் சொல்லும் தைரியத்தைத் தருவது அந்த 1,09,873 என்ற எண்ணும் பதினைந்து ஆண்டுக் காத்திருப்பும்தான்.

இதே ஆய்வில் குழந்தைகளை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்த்தார்கள். பெரியவர்களுக்குப் பாதுகாப்பு அறவே தெரியவில்லை. குழந்தைகளில் 27 சதவீதப் பாதுகாப்பு தெரிந்தது. ஆனால் அதன் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி மைனஸ் 8-ல் இருந்து 50 வரை போகிறது. பூஜ்யம் அந்த இடைவெளிக்குள் இருப்பதால் வகுப்புக் கணக்குப்படி இங்கேயும் அதே கடைசி வரிதான்: நிராகரிக்கப்படவில்லை.

ஆனால் இந்த வரியும் அந்த வரியும் ஒன்றா? பெரியவர்கள் விஷயத்தில் நிறைய நோயாளிகளை எண்ணிப் பார்த்து, பயன் தெரியவில்லை என்கிறோம். குழந்தைகளுக்கு இந்த வகை நுரையீரல் காசநோய் வருவதே மிகக் குறைவு. எண்ணுவதற்கு நோயாளிகள் போதாததால் இடைவெளி அவ்வளவு அகலமாகிவிட்டது. பயன் பூஜ்யமாகவும் இருக்கலாம், பாதிக்குப் பாதியாகவும் இருக்கலாம். அதாவது குழந்தைகள் விஷயத்தில் விடை "இல்லை" அல்ல, "தெரியவில்லை". விடைத்தாளில் இரண்டுக்கும் ஒரே வாக்கியத்தை எழுதி முழு மதிப்பெண் வாங்கிவிடலாம். ஒரு நாட்டின் தடுப்பூசித் திட்டத்தை அப்படி முடிவு செய்ய முடியாது.

கேட்கப்படாத கேள்வி

இன்னொன்றும் இருக்கிறது. இந்த ஆய்வு சோதித்த கருதுகோள் சளியில் கிருமி தெரியும் நுரையீரல் காசநோயைப் பற்றியது. பச்சைக் குழந்தைகளுக்கு மூளைச் சவ்வில் வரும் காசநோய், ரத்தத்தில் கலந்து உடல் முழுக்கப் பரவும் காசநோய் ஆகியவற்றை அளப்பது அதன் நோக்கமே அல்ல. எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் 10 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குத்தான் செய்தார்கள்.

1979 முடிவு வந்ததும் பி.சி.ஜி.யையே நிறுத்திவிடலாமா என்ற கேள்வி எழுந்தது இயல்புதான். 1980-ல் நிபுணர் குழுக்கள் கூடி ஆராய்ந்தன. ஆய்வு ஒழுங்காகத்தான் நடந்திருக்கிறது, ஆனாலும் குழந்தைகளுக்குப் போடுவதை நிறுத்த வேண்டாம் என்று முடிவானது. அது சரியான முடிவு என்பதைப் பின்னால் வந்த எண்கள் காட்டின. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்து 2006-ல் லான்செட் இதழில் வந்த கணக்கின்படி, குழந்தைப் பருவத்தில் போடும் பி.சி.ஜி. மூளைச் சவ்வுக் காசநோயை 73 சதவீதமும், உடல் முழுக்கப் பரவும் காசநோயை 77 சதவீதமும் தடுக்கிறது. இன்றும் நம் அரசு மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைக்கு பி.சி.ஜி. போடுவது இதனால்தான்.

ராஜாஜி சொன்னது சரியா, அரசு சொன்னது சரியா என்று இப்போது கேட்டால் என்ன சொல்வது? பெரியவர்களை நுரையீரல் காசநோயில் இருந்து காப்பாற்றும் என்ற நம்பிக்கை நம் வட்டாரத்தில் பொய்த்தது. ஊசியே வேண்டாம் என்ற வாதத்தை ஏற்றிருந்தால் எத்தனையோ குழந்தைகளை இழந்திருப்போம். இரண்டு பக்கமும் "பி.சி.ஜி. நல்லதா கெட்டதா" என்றே கேட்டது. யாருக்கு, எந்த வயதில், எந்த வகை நோய்க்கு, எந்த ஊரில் என்று பிரித்துக் கேட்கும்போதுதான் விடை கிடைக்கிறது.

"வித்தியாசம் இல்லை" என்பதும் ஒரு வெற்றிதான்

இவ்வளவு பணமும் உழைப்பும் போட்டுக் கடைசியில் "பயன் தெரியவில்லை" என்று வந்தால் அது தோல்வி என்று நினைப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு இன்னொரு சென்னைக் கதை.

1956-ல் சென்னையில் காசநோய் சிகிச்சை மையம் தொடங்கியது. இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் வழி வந்ததுதான். அங்கே வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில், 193 ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில் வைத்தும் மற்றவர்களை வீட்டிலேயே வைத்தும் சிகிச்சை அளித்தார்கள். நல்ல சாப்பாடும் ஓய்வும் உள்ள சானடோரியத்தில்தான் குணம் தெரியும் என்பது அன்றைய நம்பிக்கை. 1959-ல் முடிவு வந்தபோது இரண்டு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே மாதிரி குணமாகியிருந்தார்கள். குடும்பத்தை விட்டு மாதக்கணக்கில் பிரிந்து படுத்துக்கிடக்க வேண்டாம், மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் வீட்டிலேயே குணமாகலாம் என்று உலகத்துக்குச் சொன்னது அந்த "வித்தியாசம் இல்லை" தான்.

திருவள்ளூர் முடிவும் அப்படித்தான் பயன்பட்டது. ஊசி போட்டாயிற்று, இனி பெரியவர்களுக்குக் காசநோய் பரவாது என்று நிம்மதியாக இருக்க முடியாது என்பது தெளிவானது. நோயாளியைக் கண்டுபிடித்து முழுச் சிகிச்சை கொடுப்பதுதான் பரவலைத் தடுக்க வழி. 1999-ல் மருந்தை நேரில் பார்த்துக் கொடுக்கும் டாட்ஸ் முறை வந்தபோதும் அது எவ்வளவு வேலை செய்கிறது என்று அளந்து பார்த்த இடங்களில் ஒன்று இதே திருவள்ளூர் வட்டாரம்தான்.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. மூன்றில் ஒரு பங்கு என்றால் தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வெற்று ஊசி போட்டுக்கொண்டார்கள். அது நியாயமா? ஊசி பலன் தரும் என்று உறுதியாகத் தெரிந்திருந்தால் நியாயமே இல்லை. தெரியாது என்பதுதான் அன்றைய உண்மை நிலை. ஆனால் அந்த நிலையைக் கிராமத்து மக்களுக்கு விளக்கிச் சொல்லிச் சம்மதம் வாங்குவதில் இன்று எதிர்பார்க்கும் கண்டிப்பு 1968-ல் இல்லை. இன்று இப்படி ஒரு சோதனை செய்தால் ஒவ்வொருவரிடமும் விளக்கிச் சொல்லி எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும், நெறிமுறைக் குழு அனுமதிக்க வேண்டும். நாம் வகுப்பில் சாதாரணமாக "என்" என்று எழுதும் அந்த எழுத்துக்குப் பின்னால் வயலுக்குப் போகும் நேரத்தில் கையை நீட்டியவர்கள் இருக்கிறார்கள். உலக மருத்துவப் புத்தகங்களில் அவர்கள் பெயர் இல்லை, அவர்கள் கொடுத்த எண்கள் மட்டும் இருக்கின்றன.

இப்போது ஏன் இந்தக் கதை?

ஏனென்றால் கேள்வி மறுபடியும் வந்திருக்கிறது. 2024-ல் இந்தியாவின் பல மாநிலங்களில் பெரியவர்களுக்கு பி.சி.ஜி. போட்டு, காசநோய் குறைகிறதா என்று பார்க்கும் புதிய ஆய்வு தொடங்கியது. 1968-ல் போலல்லாமல் இப்போது பெரும்பாலானவர்கள் குழந்தையிலேயே ஒரு முறை ஊசி போட்டவர்கள். சிகிச்சையும் மாறிவிட்டது, சாப்பாடும் மாறிவிட்டது. பழைய விடை அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது, பொருந்தாது என்றும் சொல்ல முடியாது.

அதன் முடிவு செய்தித்தாளில் வரும் நாளில் "ஊசி வேலை செய்கிறது" என்றோ "வேலை செய்யவில்லை" என்றோ ஒரே வரியில் தலைப்பு வரும். அப்போது நம் பாடத்தில் இருந்து மூன்று கேள்விகளை மட்டும் கேட்டுப் பாருங்கள். யாருக்கு ஊசி என்பதைக் குலுக்கல் முடிவு செய்ததா, அவரவர் விருப்பம் முடிவு செய்ததா? பயன் இருந்திருந்தால் கண்டுபிடிக்கும் அளவுக்கு நோயாளிகளின் எண்ணிக்கை இருந்ததா? எந்த வயதினருக்கு, எந்த வகைக் காசநோயைப் பற்றி முடிவு சொல்கிறார்கள்?

திருவள்ளூர் பக்கம் உறவினர் யாராவது இருந்தால், குறிப்பாக அறுபது வயதைத் தாண்டிய தாத்தா பாட்டி இருந்தால், சின்ன வயதில் ஊரோடு எல்லோருக்கும் ஊசி போட்டது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். அந்த இரண்டு லட்சத்து எண்பத்தோராயிரம் பேரில் ஒருவராக அவரும் இருக்கக்கூடும்.